ஊமைநாட்டில் சொல்லக் கூடாதது

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

சுண்டு எழுதுகிறேன். இங்கே நானும் அவளும் நன்றாக இருக்கிறோம். உன் முட்டி எப்படி இருக்கிறது? டாக்டர் கொடுத்த பட்டையைப் போட்டுக்கொள்கிறாயா, இல்லை அதுவும் பீரோவுக்குள் போய்விட்டதா?

கடிதத்தைப் பார்த்ததும் பதறாதே, யாருக்கும் ஒன்றுமில்லை. மாதத்துக்கு ஒரு தடவை போனில் பேசுகிறோம். உன் பிரஷர், என் பிரஷர், மழை வந்ததா, அவ்வளவுதான் நம் பேச்சு. இந்த விஷயம் அதில் சொல்ல வரவில்லை.

போன வியாழக்கிழமை ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்ட் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே அக்கா தங்கை இரண்டு பேர். பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு ஆறு இருக்கும். என் கூட்டாளி மேலே மோட்டார் அறையில் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். நான் ஐந்தாவது மாடிக் கதவை ஒரு சாண் அளவுக்கு நெம்பித் திறந்து, தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தேன்.

சின்னவள் ஓயாமல் அழுதாள். பெரியவள், "மந்திரக்கோல் மட்டும் இருந்தா இந்நேரம் வெளிய போயிருக்கலாம்" என்றாள். அழுகையை நிறுத்திவிட்டுச் சின்னவள் சொல்கிறாள்: "கோலெல்லாம் வேணாம். எங்க மிஸ் சொன்ன கதைல சும்மா கண்ண மூடினாலே போதும்." எந்தக் கதையின் மந்திரம் உசத்தி என்று இருவருக்கும் சண்டை வந்துவிட்டது. எனக்கு வாய் சும்மா இருக்குமா? "எனக்குத் தெரிஞ்ச ஒரு நாட்டுல மந்திரம் குழாய்ல வரும்" என்றேன். இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அப்புறம் ஐம்பது நிமிஷம், நாம் அந்தக் காலத்தில் நோட்டில் எழுதின குழாய்நாடும் விலைநாடும்தான். காலை ஆறு முதல் எட்டு வரை குழாயில் மந்திரம் வரும், குடத்தில் பிடித்து வைக்க வேண்டும், சாயங்காலத்துக்குள் பழசாகிவிடும், பழைய மந்திரம் தரை துடைக்கத்தான் ஆகும் என்று சொன்னதும் சின்னவள் சிரித்துவிட்டாள். பெரியவளுக்கு உன் விலைநாடுதான் பிடித்தது. மந்திரம் போடுகிறவர் ஒவ்வொரு தடவையும் தன்னிடம் இருக்கும் ஒன்றை இழக்க வேண்டும் என்றதும், "இழந்தது திரும்பக் கிடைக்குமா அங்கிள்?" என்று கேட்டாள்.

எனக்கு ஞாபகம் வரவில்லை. அதற்குள் லிஃப்ட் அசைந்துவிட்டது. குழந்தைகள் போய்விட்டார்கள். கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. கிடைக்குமா, அக்கா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி
சுண்டு


பிப்ரவரி 20

அன்புள்ள சுண்டுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். முட்டிப் பட்டை பீரோவுக்குள் இல்லை, கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. உன் மனைவியை இருமலுக்கு நல்ல டாக்டரிடம் காட்டினாயா?

பட்டறையில் உட்கார்ந்து கடிதத்தைப் படித்தேன். ஒரு கையில் யாரோ ஒரு பெரியவரின் மேல் பல் செட், மறு கையில் நீ. படித்து முடிப்பதற்குள் மெழுகு ஆறிப் போய்விட்டது. அதை மறுபடி உருக்க வைத்தது நீதான்.

விதியைக்கூட மறந்துவிட்டாயே! இழந்தது திரும்பக் கிடைக்காது. ஆனால் வேறு யாராவது தன்னிடமிருப்பதில் பாதியைத் தரலாம். உப்பு ருசியை இழந்தவருக்கு அவர் தங்கை பாதி உப்பு ருசி கொடுப்பாள். பிறகு இருவருக்குமே எல்லாம் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும், ஆனால் சேர்ந்து சாப்பிடலாம். அந்தக் குழந்தையைப் பார்த்தால் இதைச் சொல்.

குழாய்நாட்டை நான் எவ்வளவு கிண்டல் செய்திருப்பேன்! அங்கே மந்திரவாதியை எவனும் மதிக்க மாட்டான், குழாய் ரிப்பேர்காரனுக்குத்தான் மரியாதை. நீ அப்போதே உனக்கு வேலை பார்த்து வைத்துக்கொண்டாய் என்று இப்போது தோன்றுகிறது. என் நாட்டில் மந்திரவாதியைக் கண்டால் ஜனங்களுக்குப் பாவமாக இருக்கும். அவர் வீட்டைத் தாண்டிப் போகும்போது, "எல்லாம் நல்லாருக்கு, எங்களுக்கு ஒண்ணும் வேணாம்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஏதாவது குறை காதில் விழுந்தால் பாவம், மந்திரம் போட்டுத் தொலைத்துவிடுவார். அதுதான் அங்கே நாகரிகம்.

அந்தச் சின்ன அறை நினைவிருக்கிறதா? ஒரே ஜன்னல், மூன்று பாய், அப்பா டெப்போவிலிருந்து வருவதற்குள் அணைத்தாக வேண்டிய ரேடியோ. அட்டை போட்ட நோட்டை வயிற்றுக்கு அடியில் மறைத்துக்கொண்டு மூணு பேரும் எழுதுவோமே.

சரி, மெழுகு காய்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்
அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். இருமல் நின்றுவிட்டது. உன் கண்ணுக்குப் புதுக் கண்ணாடி வாங்கிவிட்டாயா? அந்த விளக்கு வெளிச்சத்தில் பல்லை ராவிக்கொண்டே இருந்தால் கண் என்னத்துக்கு ஆகும்?

உன் கடிதத்தை அவளிடம் வாசித்துக் காட்டினேன். "உங்க அக்கா நாட்டுல வாழவே முடியாது. ஆனா உங்க நாட்டுல வாழ்றதுக்கு ஒண்ணுமே இல்ல" என்று சொல்லிவிட்டாள். அது உண்மைதான். குழாய்நாட்டில் யாரும் எதையும் பார்த்து வியப்பதில்லை. பானை பறந்தால், "அந்தப் பக்கமாப் பறக்கச் சொல்லு, துணி காயுது" என்பார்கள். மந்திரம் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும், யாரும் எதையும் இழக்கக் கூடாது என்று பத்து வயதில் நினைத்தேன். அதில் ருசி இல்லாமல் போகும் என்று அப்போது தெரியவில்லை.

'மூணு பேரும்' என்று எழுதியிருக்கிறாய், அக்கா. அந்த வார்த்தையை நான் நாலைந்து தடவை படித்தேன். நம் வீட்டில் இத்தனை வருஷமாக யாரும் அப்படிச் சொன்னதில்லை. அப்பா இருந்தவரை எனக்கு ஒரு அண்ணன், உனக்கு ஒரு தம்பி இருந்தான் என்பதே வாயில் வரக் கூடாது. அம்மாவும் அதைச் சொல்லாமலேயே போய்விட்டாள்.

வாத்தண்ணனின் ஊமைநாட்டைப் பற்றி நான் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. மூன்றில் அதுதான் நல்ல நாடு என்று நாம் இரண்டு பேருமே ஒப்புக்கொண்டதில்லை, ஆனால் அதுதான். நீ ஞாபகம் வைத்திருந்தால் ஒன்று சொல். ஊமைநாட்டில் வாயைத் திறந்து சொல்லிவிட்டவனுக்கு என்ன ஆகும்?

அவள் உன்னை விசாரித்தாள்.

சுண்டு


மார்ச் 15

அன்புள்ள சுண்டுவுக்கு,

சௌக்கியம்தான். புதுக் கண்ணாடி வந்துவிட்டது, மூக்கில்தான் உட்கார மாட்டேன் என்கிறது.

நீ கேட்டதற்குப் பதில். ஊமைநாட்டில் எல்லோருக்கும் மந்திரம் தெரியும். செய்வது தப்பில்லை, சொல்வதுதான் தப்பு. சாப்பாட்டு மேஜையில் கரண்டி தானாகவே குழம்பைக் கலக்கும், அப்போது எல்லோரும் சுவரைப் பார்க்க வேண்டும். அப்பா மிதந்துகொண்டு வந்தால், "இன்னைக்கு பஸ் சீக்கிரம் வந்துருச்சா?" என்று கேட்க வேண்டும். அகராதியில் அந்த வார்த்தை இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக விட்டிருக்கும். யாராவது வாய் தவறி, "கரண்டி தானா சுத்துது பாரு" என்று சொல்லிவிட்டால் அவனுக்குத் தண்டனை கிடையாது. அந்த வீட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் மந்திரம் போய்விடும். அன்றிலிருந்து கரண்டியை அவர்களே பிடித்துக் கலக்க வேண்டும்.

பத்து வயது தாண்டாத பிள்ளை சொல்லிவிட்டால் மட்டும் அது குற்றமில்லை. அந்த வீட்டில் இருப்பவர்கள் இரும வேண்டும். காதில் விழவில்லை என்று ஆகிவிடும்.

இந்த வாரம் பட்டறையில் வேலை அதிகம். மறுபடி எழுதுகிறேன்.

அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் நலம் அறிந்தேன்.

நேராகவே கேட்கிறேன். அந்தக் கடைசி விதி உனக்கு எங்கிருந்து கிடைத்தது?

ஊமைநாட்டு நோட்டு எனக்கு மனப்பாடம். நீ அதை ஒன்றிரண்டு தடவை படித்திருப்பாய். நான் தினமும் படித்தேன். பச்சை அட்டை, நாற்பத்தெட்டு பக்கம், நடுவில் பின் துருப்பிடித்திருக்கும். பிள்ளைகள், பத்து வயது, இருமல் எதுவும் அதில் கிடையாது. அண்ணன் போன பிறகு எழுத அந்த நோட்டும் இல்லை, அதை அப்பா என்ன செய்தார் என்று உனக்கே தெரியும்.

நீயாகச் சேர்த்தாய் என்று சொன்னால் நம்பிவிடுவேன். ஆனால் இது உன் கை இல்லை, அக்கா. உன் விதிகளில் யாராவது எதையாவது இழப்பார்கள். இதில் ஒருவனை விட்டுவிடுகிறார்கள்.

பதில் எழுது.

சுண்டு


ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது, உன்னிடமிருந்து கடிதம் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை போனில், "பிரஷர் நார்மல், இங்க வெயில்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். உனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்று மட்டும் தெரிந்துகொண்டேன்.

நீ எழுதாததால் நான் எழுதுகிறேன். இதைச் சொல்ல எனக்கு நாற்பத்தொரு வருஷம் ஆகியிருக்கிறது. உட்கார்ந்துகொண்டு படி.

பெரிய ஹாலில் அந்த மேஜிக் ஷோ ஒரு மாதம் நடந்ததே, அண்ணன் பரீட்சைக்குப் படிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு தினமும் அங்கே போய்ப் பெட்டி தூக்கினான். நம் யாருக்கும் தெரியாது. ஷோ முடியப்போகிற வாரம் நோட்டை என்னிடம் கொடுத்து, "புது அத்தியாயம் எழுதிருக்கேன், படி" என்றான். அதில் ஊமைநாட்டுப் பையன் ஒருவன் வீட்டைவிட்டுப் போகிறான். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, பெட்டி ஏற்றுகிற வேனில். எனக்கு உடனே புரிந்துவிட்டது. அண்ணன் போய்விடுவான்.

அப்பாவிடம் சொன்னது நான்தான், அக்கா.

அவனை மாட்டிவிட வேண்டும் என்று நினைக்கவில்லை. அப்பா போய், "வீட்டுக்கு வாடா" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்துவிடுவார் என்று நினைத்தேன். "உனக்கு எப்படிடா தெரியும்?" என்று கேட்டார். நோட்டைக் காட்டினேன். நானும் பின்னாலேயே ஓடினேன். ஹால் வாசலில், வேனுக்கு முன்னால், அத்தனை பேர் பார்க்க அப்பா அறைந்தார். அண்ணன் வாயிலிருந்து ரத்தம் வந்தது. அவன் அப்பாவைப் பார்க்கவே இல்லை, வேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அது போய்விட்டது. நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். இரண்டு மாதம் கழித்து அவன் சொல்லாமல் போனபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.

அன்றிலிருந்து நம் வீட்டில் எதுவும் மிதக்கவில்லை. கரண்டியை நாமேதான் கலக்கினோம்.

நீ என்ன நினைத்தாலும் சரி, எழுது.

சுண்டு


மே 19

அன்புள்ள சுண்டுவுக்கு,

உன் கடிதத்தை உட்கார்ந்துகொண்டுதான் படித்தேன். நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைத் தொடங்கி நாலு தடவை கிழித்துப் போட்டுவிட்டேன்.

நீ சொன்னது எனக்கு அன்றைக்கே தெரியும். அப்பா நோட்டோடு வெளியே போனதை நான் பார்த்தேன். மறுநாள் காலையில் வாத்து வீங்கிய உதட்டோடு என்னிடம் வந்து, "யார் சொன்னது?" என்று கேட்டான். நீ கதவுப் பக்கம் நின்றுகொண்டு நிஜாரைப் பிசைந்துகொண்டிருந்தாய். நான்தான் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பத்தொன்பது வயது, தாங்கிக்கொள்வேன் என்று நினைத்தேன். அவன் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை, அப்புறம் போய்விட்டான்.

இப்போது உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். வாத்து இருக்கிறான், சுண்டு. நன்றாக இருக்கிறான்.

இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், முன்பல் ஒன்று மட்டும் வைத்த சின்ன பிளேட்டை இரண்டாக உடைத்து எடுத்துக்கொண்டு ஒருத்தர் பட்டறைக்கு வந்தார். "ஒட்டித் தர முடியுமா?" என்றார். எனக்கு முகம் அடையாளம் தெரியவில்லை. "வாயைத் தொறங்க" என்றேன். அந்த வரிசையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இடது பக்கத்துப் பல் ஒன்று கொஞ்சம் திரும்பியிருக்குமே. "வாத்து?" என்றேன். வாயைத் திறந்தபடியே என்னைப் பார்த்தான். அப்புறம், "மூட விடு" என்றான்.

அந்த மேஜிக் கோஷ்டியைத் தேடிக் கண்டுபிடித்து அவர்களோடு ஏழெட்டு வருஷம் சுற்றியிருக்கிறான். மேடையில் நிற்கக் கை வேகம் போதவில்லையாம். அவர்களுக்குப் பெட்டி செய்து கொடுத்திருக்கிறான். பிறகு கதவு, ஜன்னல், அலமாரி. இப்போது என் தெருவுக்கு அடுத்த தெருவில் தனியாக இருக்கிறான். சாயங்காலம் டீக்கு வருவான். உன் மார்ச் மூன்றாம் தேதிக் கடிதத்தை நான் படித்துக்கொண்டிருந்தபோது எதிரில்தான் உட்கார்ந்திருந்தான். யாருடைய கடிதம் என்று நான் சொல்லவில்லை. "ஊமைநாட்டுல சொல்லிட்டா என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டேன். டீயைப் பார்த்துக்கொண்டே எல்லாம் சொன்னான். அந்தக் கடைசி விதியையும் அவன்தான் சொன்னான்.

அப்பா இருந்தவரை யாருக்கும் தெரியக் கூடாது என்று அவன் கேட்டுக்கொண்டான், அது நியாயம். அப்பா போய்ப் பதினாலு வருஷமாகிறது. அப்புறமும் நான் சொல்லாததற்கு ஒரே காரணம்தான். நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசினால் நீ உண்மையைச் சொல்லிவிடுவாய். நான் சொன்னது பொய் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். என்னை மன்னித்து, பட்டறையில் வந்து உட்கார்ந்து, நான் செய்த பல்லை மாட்டிக்கொண்டு சிரித்தவன் அவன். அதை இழக்க எனக்குத் தைரியம் இல்லை. உன்னைக் காப்பாற்றத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். பிறகு அதையே என்னைக் காப்பாற்ற வைத்துக்கொண்டேன்.

அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

அக்கா


மே 27

அக்காவுக்கு,

நலம்.

உன் கடிதம் வந்து மூன்று நாளாகிறது. வேலைக்குப் போய்விட்டு வருகிறேன்.

மாமா இறந்து நீ தனியானபோது அங்கே ஒரு வாரம் இருந்தேன். அடுத்த தெருவில் இருந்திருக்கிறான். பால் வாங்க அந்தத் தெரு வழியாகத்தான் போனேன். நான் அவனை எங்கெல்லாம் தேடினேன் தெரியுமா? எந்த ஊரில் மேஜிக் ஷோ போஸ்டரைப் பார்த்தாலும் உள்ளே போய்ப் பெட்டி தூக்குகிறவன் முகத்தைப் பார்ப்பேன். என் மகன், "அப்பாவுக்கு மேஜிக்னா அவ்ளோ பைத்தியம்" என்று நண்பர்களிடம் சொல்வான்.

நீ எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டாய். அதே நீதான் பதினாலு வருஷம் என்னிடம் மழை வந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தாய். இரண்டையும் சேர்த்து என்னால் இன்றைக்கு ஜீரணிக்க முடியவில்லை.

என்னுடைய ஏப்ரல் கடிதத்தை அண்ணனிடம் கொடு. நான் எழுதியதை அவன் படிக்கட்டும். நீ கொடுக்காவிட்டால் நானே வந்து கொடுப்பேன்.

மாத்திரையை விடாமல் சாப்பிடு.

சுண்டு


ஜூன் 8

அன்புள்ள சுண்டுவுக்கு,

கொடுத்துவிட்டேன். புதன்கிழமை டீ போட்டு வைத்துவிட்டு, உன் கடிதத்தையும் அவன் முன்னால் வைத்தேன். "நான் உன்கிட்ட ஒரு பொய் சொல்லிருக்கேன், இதப் படி" என்றேன். அவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தான். திரும்ப முதலிலிருந்து படித்தான். மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டான்.

இன்றோடு ஆறு நாள். வரவில்லை. அவன் வீட்டுக்குப் போனேன், பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர், ஏதோ ஊரில் அலமாரி வேலை, வந்துவிடுவார் என்கிறார். சாயங்காலம் இரண்டு டம்ளர் எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப உள்ளே வைக்கிறேன்.

நீ கோபப்பட்டது சரிதான். உன் கோபத்தையாவது நீ எழுதிவிடுகிறாய்.

உடம்பு பரவாயில்லை.

அக்கா


ஜூன் 21

சுண்டுவுக்கு,

நான் சௌக்கியம். உனக்கும் உன் வீட்டில் எல்லோருக்கும் சௌக்கியம் என்று அக்கா சொன்னாள். கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

அக்கா பயந்துவிட்டாள். வெளியூரில் நிஜமாகவே அலமாரி வேலை இருந்தது, தேக்குப் பலகை, பதினேழு நாள். சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அது எனக்கு எப்போதும் வராது. நேற்று அவளிடம் போய்ச் சொன்னேன், இப்போது உனக்கும் சொல்கிறேன்.

நீதான் சொன்னாய் என்று எனக்கு அன்றைக்கே தெரியும்டா. நோட்டு யார் கையில் இருந்தது? உன் கையில். கொடுத்தது யார்? நான். "நான்தான் சொன்னேன்" என்று அக்கா சொன்னபோது நீ கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். அவள் உனக்காகப் பொய் சொல்கிறாள் என்று தெரிந்தது. எனக்குக் கோபம் அதனால்தான் வந்தது. என்னைக் காப்பாற்ற அப்படி ஒருத்தரும் பொய் சொல்லவில்லையே என்று. பதினேழு வயசுக் கோபம், அவ்வளவுதான். அவள் பட்டறையில் மறுபடி பார்த்தபோது, பொய் என்று தெரியும் என்று சொன்னால் அவள் இத்தனை வருஷம் சுமந்ததெல்லாம் வீண் என்று ஆகிவிடுமே என்று பேசாமல் இருந்துவிட்டேன். நாடு உண்டாக்கியவனே அதன் சட்டத்தை மீறலாமா?

இன்னொன்று. அந்த அத்தியாயத்தை நீ படிக்க வேண்டும் என்றுதான் எழுதினேன். சொல்லாமல் போக எனக்குப் பயமாக இருந்தது. யாராவது ஒருவருக்குத் தெரிய வேண்டும் என்று இருந்தது. பத்து வயசுப் பையன் தலையில் அதை வைத்தது என் தப்பு. நீ தூணுக்குப் பின்னால் நின்றதையும் பார்த்தேன்.

பிறகு ஏன் உன்னைத் தேடி வரவில்லை என்று கேட்பாய். வந்தால் நீ அழுவாய், நான் பரவாயில்லை என்பேன், நீ நம்ப மாட்டாய். அதனால் அடுத்த வருஷம் என்று தள்ளினேன். வருஷம் ஏற ஏற, வருவதற்கு இன்னும் பெரிய காரணம் வேண்டியிருந்தது. மாமா போன அன்று தெருமுனையில் நின்று உன்னைப் பார்த்தேன். வாசலில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தாய். தலையில் முடி இல்லை. ஒரு நாற்காலி கால் ஆடியது, அதைத் தனியாக எடுத்து வைத்தாய். நல்ல வேலைக்காரன் என்று நினைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அக்காவும் நீயும் நம் நாடுகளில் எது உசத்தி என்று எழுதிக்கொள்கிறீர்களாம். நான் நாலாவதாக ஒரு நாட்டில் ஏழு வருஷம் வேலை பார்த்தேன். அங்கே மந்திரம் பொய். செய்கிறவனுக்கும் தெரியும், பார்க்கிறவனுக்கும் தெரியும். டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்து, பொய் என்று தெரிந்தே வாயைப் பிளந்து கை தட்டுவார்கள். பெட்டிக்குள் ரகசியத் தட்டு செய்தவன் நான், எனக்கே சில நாள் உடம்பு சிலிர்க்கும். அங்கே யாரும் எதையும் இழப்பதில்லை, யாரும் எதையும் மறைப்பதும் இல்லை. ஆனால் ஷோ முடிந்ததும் எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். எனக்குத்தான் போக வீடு இல்லை.

மழைக்கு முன்னால் வா. அக்கா வீட்டில் இரு, என் வீட்டில் கட்டில் ஒன்றுதான். உன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வா.

வாத்து


ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கும், அன்புள்ள அண்ணனுக்கும்,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். அண்ணனுக்கு என்று நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை! பேனா அங்கேயே கொஞ்சம் நின்றுவிட்டது.

அண்ணா, உன்னைப் பார்க்க வரும்போது ரயிலில் நான் யாரைப் பார்க்கப் போகிறேன் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். எனக்குத் தெரிந்தது பதினேழு வயசுப் பையன் ஒருத்தன்தான். கதவைத் திறந்த உனக்கு நரைத்த புருவம், காதில் மரத்தூள். "என்னடா இவ்ளோ வளந்துட்ட!" என்றாய், ஐம்பத்தொரு வயதுக்காரனைப் பார்த்து. "நீதான் குட்டையாயிட்ட" என்றேன். நான் அழுவேன் என்று எழுதியிருந்தாய். நான் அழவில்லை. அக்காதான் அழுதாள், அதுவும் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, நமக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு. நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இருமினோமே, அதைப் பார்த்து என் மனைவி பயந்துவிட்டாள். இந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரே நோயா என்று கேட்டாள்.

அக்கா, உன்மேல் கோபம் முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். இருக்கிறது, ஒரு ஓரத்தில். மூன்று நாள் உன் கையால் சாப்பிட்டேன், உன்னோடு சண்டை போட்டேன், விலைநாட்டில் மந்திரவாதிக்குக் கல்யாணம் உண்டா இல்லையா என்று அண்ணனோடு சேர்ந்து உன்னை எதிர்த்துப் பேசினேன். அந்த ஓரம் அப்படியே இருந்தது, ஆனால் இடத்தை அடைக்கவில்லை. நீ முட்டிப் பட்டையோடு படியிறங்கி ஆட்டோ வரை வந்தாய். வர வேண்டாம் என்று சொன்னது கோபத்தால் அல்ல.

அண்ணா, ஒரே ஒரு வேண்டுகோள். எனக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. அக்காவின் கடிதத்துக்கு அடியில் இரண்டு வரி ஒட்டி அனுப்பாதே, தனி உறையில் போடு. நாடுகளைப் பற்றியெல்லாம் வேண்டாம், நடந்ததைப் பற்றியும் வேண்டாம். எல்லாவற்றையும் பேசிவிட்டோம், பேசாததும் அப்படியே இருக்கட்டும். சாப்பிட்டேன், இன்றைக்கு வேலை இல்லை, கால் வலிக்கிறது, மழை வந்தது என்று எழுது. அது போதும். நாற்பத்தொரு வருஷமாக எனக்குத் தெரியாமல் இருந்தது அதெல்லாம்தான்.

இங்கே நேற்று சாயங்காலம் நல்ல மழை. எனக்குக் கால் வலி இல்லை.

சுண்டு